திருமறை மொழி வகுப்பில் இணையக் கருவி: ஒரு திறனாய்வு

எபிரேயமும் கிரேக்கமும் கற்பிக்கும் இறையியல் ஆசிரியர் எவரும் இன்று ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. மூலமொழிச் சொல்லின் பொருளை மாணவர் தம் கைப்பேசியில் நொடிப்பொழுதில் காணக்கூடுமாயின், வினைவடிவங்களை ஆண்டு முழுவதும் மனனம் செய்விப்பது எதற்கு? இக்கேள்வியை ஏளனமாக ஒதுக்குவது முறையன்று. அதற்கு அஞ்சி இலக்கணப் பாடத்தைக் கைவிடுவதும் முறையன்று. ஒரு கருவியை எடுத்து, அது மாணவருக்காக எவ்வேலையைச் செய்கிறது, எவ்வேலையை அவருக்கு விட்டுவைக்கிறது என்று ஆராய்வதே தக்கது.

கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள டிண்டேல் ஹவுஸ் என்னும் வேதாகம ஆய்வு நிலையம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஸ்டெப் பைபிள்’ இவ்வாய்வுக்கு ஏற்றது. அதற்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் திறந்து படிக்கலாம். கணினியில் பதிந்துகொண்டு இணையத் தொடர்பின்றியும் படிக்கலாம்.

1. கருவியின் நன்மை

வசனத்திலுள்ள ஒரு சொல்லைத் தொட்டால் அதன் மூலச்சொல்லும் சுருக்கப் பொருளும் திரையில் தோன்றுகின்றன. அதே மூலச்சொல் திருமறையில் வேறெங்கெல்லாம் வருகிறது என்பதையும் தேடிக் காணலாம். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதியில் மூலச்சொற்களுக்கு இட்ட எண்களே இத்தகைய தேடலுக்கு வழியமைத்தன. பருமனான அந்நூலை வாங்க வசதியற்று, பல சபைகளை ஒருவராகவே கவனிக்கும் கிராமத்து ஆயருக்கும் இன்று அவ்வசதி கிட்டியுள்ளது. இந்நன்மையைச் சிறிதாக மதிப்பவர் நூலகத்தின் அருகிலேயே வாழ்ந்து பழகியவராயிருத்தல் வேண்டும்.

2. கருவியின் இடர்

எனினும், திரையில் தோன்றும் சுருக்கப் பொருளையே வசனத்தின் பொருளாகக் கொள்ளும் மயக்கம் எளிதில் நேர்கிறது. கணினி வகுப்பறைக்கு வருவதற்கு நெடுநாள் முன்னரே, 1961இல், வேதாகம மொழியின் சொற்பொருள் பற்றிய தம் நூலில் ஜேம்ஸ் பார் இதனைக் கண்டித்தார். இறையியற் கருத்தைத் தாங்கி நிற்பது தனிச்சொல் அன்று, வாக்கியமும் அதனினும் பெரிய பகுதியுமே என்பது அவர் வாதம்.

ரோமர் 1:16இல் வரும் ‘துனாமிஸ்’ என்னும் சொல்லை வெடிமருந்தோடு இணைத்துப் பேசும் அருளுரைகளை நாம் கேட்டிருக்கிறோம். ஆல்ஃபிரட் நோபல் தம் வெடிமருந்துக்கு அக்கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் அமைத்தது 1867ஆம் ஆண்டளவில். பவுலின் உள்ளத்தில் அது இருந்திருக்க வழியில்லை. ஆயினும் சொல்லைத் தொட்டு அதன் வேரை மட்டும் கண்ட மாணவர், தாம் மூலமொழியை ஆராய்ந்துவிட்டதாகவே எண்ணுவார். அறியாமையினும் இவ்வெண்ணம் தீங்கானது. ஏனெனில் அது பிரசங்க பீடத்தில் அதிகாரத்தோடு பேசுகிறது.

3. ஒரே கருவி, இரு பயன்கள்

யோவான் 21:15-17 இதற்குச் சிறந்த சான்று. இயேசு முதலிருமுறை ‘அகபாஓ’ என்னும் வினையாலும் மூன்றாம் முறை ‘ஃபிலேஓ’ என்னும் வினையாலும் கேட்கிறார். பேதுரு மும்முறையும் ‘ஃபிலேஓ’ என்றே விடையளிக்கிறார். இரண்டு சொற்களையும் தொட்டுப் பார்த்த மாணவர், முன்னது தெய்வீக அன்பு, பின்னது மானிட நட்பு என எழுதி முடித்துவிடக்கூடும்.

அதே மாணவரை அதே கருவியில் அவ்விரு வினைகளும் வரும் இடங்களையெல்லாம் தேடச் சொல்வோமாக. பிதா குமாரனில் அன்பாயிருப்பதை யோவான் 3:35 ‘அகபாஓ’ என்றும், 5:20 ‘ஃபிலேஓ’ என்றும் கூறக் காண்பார். இயேசுவுக்கு அன்பான சீடனைக் குறிக்கையில் 13:23 முதற்சொல்லையும் 20:2 இரண்டாவதையும் ஆளுகின்றன. 2 தீமோத்தேயு 4:10இல் தேமா இவ்வுலகத்தின்மேல் வைத்த ஆசையும் ‘அகபாஓ’ தான். இதே உரையாடலில் ‘மேய்த்தல்’, ‘அறிதல்’, ‘ஆடு’ ஆகியவற்றுக்கும் சொற்கள் மாறி மாறி வருகின்றன. எனவே அன்பின் இரு படிகளை இங்கு வகுப்பதற்கு, சொல் வேறுபாடு ஒன்றே ஆதாரமாகாது. மும்முறை மறுதலித்தவர் மும்முறை கேட்கப்பட்டு, மந்தை அவர் கையில் ஒப்புவிக்கப்படுகிறது என்னும் நிகழ்ச்சியின் அமைப்பே பொருளைத் தருகிறது.

ஒரு தொடுதலோடு நிறுத்தினால் விசாரணை அங்கேயே முடிகிறது; தேடலைத் தொடர்ந்தால் அங்கே தொடங்குகிறது. இவ்விரண்டில் எது நிகழும் என்பதைத் தீர்மானிப்பது ஆசிரியர் இடும் பணியே.

4. வகுப்பறைக்குரிய முறை

முதலாவது, அடிப்படை இலக்கணத்தைக் கைவிடலாகாது. திரை ஒரு வினையை ‘கட்டளை வடிவம்’ என்று காட்டும். அது வாக்கியத்தில் என்ன செய்கிறது என்பதை இலக்கணம் பயின்றவரே உணர்வார். இரண்டாவது, விரைந்து விடையளிப்போருக்கு மிகுந்த புள்ளிகள் வழங்கும் ‘கஹூட்’ போன்ற வினாவிளையாட்டுகள் சொல்வடிவப் பயிற்சிக்கு உதவும். பொருள் விளக்கத்துக்கு உதவா. வேதவசனத்தின்முன் விரைவு ஒரு நற்பண்பு அன்று. மூன்றாவது, கருவி காட்டும் இடங்களை மாணவர் தங்களுக்குள் பகிர்ந்து ஆராய்ந்து, தம் முடிவுக்குரிய காரணத்தைத் தம் சொந்த நடையில் எழுதி, வகுப்பின்முன் நிலைநாட்டவேண்டும். மதிப்பெண் அக்காரணத்துக்கே உரியது.

இன்று நம் வகுப்பிலிருப்போர் நாளை சபையின்முன் நிற்பவர். அவர் சொல்வதைச் சரிபார்க்கக் கிரேக்கம் அறிந்தோர் அங்கு அரிதாகவே இருப்பர். சபையார் அவரை நம்பிக் கேட்பர். அந்நம்பிக்கைக்கு உரியவராக அவரை ஆயத்தப்படுத்தும் பொறுப்பை எந்தக் கருவியிடமும் ஆசிரியர் ஒப்புவித்துவிட முடியாது.