மணப்பெண் விளையாட்டும் சட்டக்கோவையும்

ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' 1994இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்றில் வளரும் ஆர்ஜி என்னும் சிறுவனைப் பற்றிய ஆறு கதைகளின் கோவை அது. இந்நாவலை இன ஒடுக்குமுறையின் சித்திரமாக ஏற்றுக்கொள்ளும் நம்மவர் சிலர், அதன் மறுபாதியை, அதாவது ஓர் ஆண் மற்றோர் ஆணைக் காதலிப்பதை, மேலைநாட்டுச் சீரழிவென ஒதுக்கிவிடுகின்றனர். இப்பிரிப்புக்கு நாவலின் அமைப்பே இடந்தரவில்லை என்பது எமது கருத்து.

முதற் கதையில் பிள்ளைகள் கலியாண விளையாட்டு விளையாடுகின்றனர். சேலையுடுத்து மணப்பெண்ணாகும் ஆர்ஜியை ஒரு மாமி பெரியோர் முன்னிலையில் இழுத்துவந்து நிறுத்துகிறாள். அவ்விளையாட்டு அவனுக்கு விலக்கப்படுகிறது. அடுத்த கதையில் ராதா மாமி, அனில் என்ற சிங்கள இளைஞனை விரும்புகிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து அவள் திரும்பும் புகைவண்டி தாக்கப்படுகிறது, அவளும் அடிபடுகிறாள். ஈற்றில் வீட்டார் விரும்பிய தமிழ் மாப்பிள்ளையையே மணக்கிறாள். யார் யாரை மணக்கலாம் என்ற கேள்வியே இரு கதைகளையும் பிணைக்கிறது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை ஆசிரியர் போதிய அளவு அழுத்தவில்லை. ராதாவும் அனிலும் துணிந்திருந்தால் விவாகப் பதிவாளர் அவர்களைத் திருப்பியனுப்பியிருக்க முடியாது. அவர்களைத் தடுத்தது சமூகம். ஆர்ஜிக்கும் அவன் காதலிக்கும் பள்ளித்தோழன் ஷெஹானுக்குமோ சட்டமே பகை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஆங்கிலேய ஆட்சியின் ஆக்கங்கள். சீரழிவு மேலைநாட்டிலிருந்து வந்தது என்போர், தடை வந்த திசையை நோக்குவதில்லை. தந்தவர்களோ தம் நாட்டில் 1967இல் தண்டனையைத் தளர்த்தி, 2013இல் திருமணச் சட்டமும் இயற்றிவிட்டனர். நாவல் வெளிவந்த மறுவருடம், 1995இல், நமது பாராளுமன்றமும் 365அ பிரிவைத் திருத்தியது. நீக்கவில்லை, ஆண்களைக் குறித்திருந்த குற்றத்தைப் பெண்களுக்கும் விரித்தது! சமத்துவத்திற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு போலும். இக்குற்றத்தை நீக்கும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. 2024இல் கலைக்கப்பட்ட பாராளுமன்றம் அதனை நிறைவேற்றாமலே கலைந்தது.

நாவலின் வர்க்க எல்லையையும் சொல்லவேண்டும். ஆர்ஜியின் தகப்பனார் ஹோட்டல் நடத்துபவர். 1983இன் வன்செயலுக்குப் பின் அக்குடும்பத்துக்குக் கனடா என்றொரு வழி இருந்தது. அந்நாடு முழுவதிலும் 2005 முதல் ஒரே பாலார் இருவர் சட்டப்படி மணம் புரியலாம். மலையகத் தோட்டத் தொழிலாளியின் மகனுக்கும் வன்னி விவசாயியின் மகளுக்கும் அவ்வழி ஏது? அவர்கள் இந்நாட்டுச் சட்டத்தோடுதான் வாழ்ந்தாகவேண்டும். விவாகம் என்பது மேளமும் தாலியும் மட்டுமா? அரசாங்க ஆசிரியர் ஒருவர் இறந்தால் துணைக்குச் சேரும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியமும், உயில் எழுதாது இறந்தவரின் வீட்டில் பங்கும் விவாகச் சான்றிதழோடு பிணைந்தவை. முப்பது ஆண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் அச்சான்றிதழ் பெறமுடியாத இருவரில் ஒருவர் இறந்தால், மற்றவர் சட்டத்தின் கண்ணில் அந்நியரே.

இக்கேள்விகள் நாவலில் எழவில்லை. ஆர்ஜி கனடாவுக்குப் புறப்படுகிறான். ஷெஹான் கொழும்பிலேயே தங்கிவிடுகிறான்; அவனுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதைப் பற்றி ஆசிரியர் ஒன்றும் எழுதவில்லை.