யாருடைய துப்பாக்கி? – ஆயுதச் சட்டத்தைக் குறித்து ஒரு திறனாய்வு

துப்பாக்கிக் குண்டினால் ஓர் உயிர் மாயும்போது நமது சட்டம் முதலாவது எழுப்பும் கேள்வி, "சுட்டவர் யார்?" என்பதாகும். இக்கேள்வி நியாயமானதே, ஆயினும் அது போதுமானதன்று. "இது யாருடைய துப்பாக்கி? இதனைக் காக்கும் கடமை யாருக்கு இருந்தது?" என்ற கேள்விகளும் அதனோடு எழ வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை இக்கேள்விகளோடு, பெரம்பலூர், அரியலூர் மாவட்ட மக்களின் வாழ்க்கையை முன்வைத்து வாசிப்பதே இங்கு நமது நோக்கம்.

மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் இப்பகுதியில் துப்பாக்கி அந்நியப் பொருளன்று. பயிரைக் காப்பதற்காக வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடமளிக்கிறது. எறையூர் போன்ற இடங்களில் வாழும் நரிக்குறவர் மக்களின் பழந்தொழிலோடும் நாட்டுத் துப்பாக்கி பிணைந்திருந்தது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவ்வேட்டை வாழ்வைப் பெரிதும் முடிவுக்குக் கொண்டுவந்தது. இவையன்றி, நாரணமங்கலத்தில் காவற்படையினர் சுட்டுப் பழகும் பயிற்சித் தளமும் உண்டு. குடியானவர், பழங்குடியினர், அரசு ஆகிய மூவர் கையிலும் துப்பாக்கி இருந்துவந்துள்ளது. ஆனால் மூவரையும் சட்டம் ஒரே கண்கொண்டு நோக்கவில்லை.

ஆயுதச் சட்டம் வாசலில் கடுமையும் உள்ளே தளர்வும் உடையது எனலாம். உரிமம் பெறுவது எளிதன்று. காவல்துறை விசாரணை வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும், ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழியையும் கோருகின்றன. ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பிறர் உயிருக்கு ஆபத்து நேருமாறு அசட்டையாகவோ கொண்டாட்டத்துக்காகவோ சுடுபவருக்கு இரண்டாண்டுச் சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்றும் அத்திருத்தம் கூறிற்று. இவை வரவேற்கத்தக்கவை.

ஆயினும், உரிமையாளர் தாமே சுடாதபோது நிலை என்ன? உரிமையற்றவர் எனத் தெரிந்துகொள்ள முயலாமல் ஒருவரிடம் ஆயுதத்தைக் கொடுத்தால் 29ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆனால் அவர் கொடுக்கவில்லை, பூட்டாமல் வைத்தார், வீட்டுப் பிள்ளை எடுத்து விளையாடிற்று என்று வைத்துக்கொள்வோம். அப்போது உரிம நிபந்தனையை மீறியதற்கான 30ஆம் பிரிவே பெரும்பாலும் துணைக்கு வரும். அதன் உச்சத் தண்டனை ஆறு மாதச் சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கான பாரதிய நியாயச் சட்டத்தின் 106ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது எனினும், பூட்டாத பெட்டிக்கும் நேர்ந்த மரணத்துக்கும் உள்ள தொடர்பை அரசுத் தரப்பே ஐயமற மெய்ப்பிக்க வேண்டும். உயிரை இழந்த குடும்பம் 1855ஆம் ஆண்டு உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின் கீழ் உரிமையியல் நீதிமன்றம் செல்லலாம். அங்கும் மெய்ப்பிக்கும் பாரம் இழந்தவர் தோளிலேயே விழுகிறது.

இக்குறையை விளங்கிக்கொள்ள அரியலூர்ச் சாலைகளே போதும். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகளை அங்கு எந்நேரமும் காணலாம். அவற்றுள் ஒன்று ஒருவரைக் கொன்றுவிட்டால், உரிமையாளர் "நான் ஓட்டவில்லை" என்று கூறித் தப்ப இயலாது. மூன்றாம் தரப்புக் காப்பீடு இன்றி வண்டி சாலைக்கு வரலாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, குற்றம் யாருடையது என்று மெய்ப்பிக்காமலே, மரணத்துக்கு ஐந்து லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் பெற வழி செய்கிறது. சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் 199அ பிரிவின்படி பெற்றோரோ உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். தாம் அறியவில்லை என்றோ, தடுக்க உரிய கவனம் எடுத்தோம் என்றோ மெய்ப்பிப்பது அவர்கள் பொறுப்பு. சுமை இழுக்கப் பிறந்த வண்டிக்கு இத்தனை பொறுப்பு. சுடுவதற்கென்றே செய்யப்பட்ட கருவிக்கோ கட்டாயக் காப்பீடும் இல்லை, குற்றம் மெய்ப்பிக்காது பெறும் இழப்பீடும் இல்லை. இம்முரண்பாட்டைச் சட்டமியற்றியோர் விளக்க வேண்டும்.

உரிமையாளரின் பொறுப்பு என்பது புதிய கருத்தன்று. யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்து முட்டும் மாட்டின் சட்டத்தை நாம் நன்கறிவோம். மாடு திடீரென ஒருவரை முட்டிக் கொன்றால் உரிமையாளர் தண்டனைக்கு நீங்கலாகிறார். அது முன்னமே முட்டும் வழக்கமுடையது என அறிவிக்கப்பட்டும் அவர் கட்டிவைக்காதிருந்தால், குற்றம் அவர் தலைமேல் வருகிறது. மூடாத குழிக்குத் தோண்டியவரும், கைப்பிடிச் சுவரில்லாத மாடிக்கு வீட்டுக்காரரும் பொறுப்பாவர். இச்சட்டங்களின் சாரம், அறிவே பொறுப்பின் அளவு என்பதாகும். துப்பாக்கி கொல்லும் என்பதை அறியாதவர் எவருமில்லை. அது, வாங்கும் நாளிலேயே அறிவிக்கப்பட்டுவிட்ட மாடு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2021இல் ஒரு மாணவன் தன் பள்ளியில் நால்வரைச் சுட்டுக் கொன்றான். 2024இல் அவனுடைய தாயும் தந்தையும் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தனித்தனியே தண்டிக்கப்பட்டனர். துப்பாக்கி உரிமையைப் பெரிதாய்ப் போற்றும் அந்நாட்டிலும் இக்கேள்வி எழும்பிவிட்டது.

இனி, மிகப் பெரிய உரிமையாளராகிய அரசைப் பார்ப்போம். 2021 டிசம்பர் 30ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பகுதியில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்த வேளையில், அருகிலுள்ள வீட்டில் இருந்த ஒரு சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3ஆம் நாள் அச்சிறுவன் இறந்தான். அதே மாதத்திலேயே நாரணமங்கலம் தளத்துக்கு அருகிலுள்ள ஊரில் ஒரு வீட்டின் கூரையில் குண்டு பாய்ந்த செய்தியும் வந்தது. பெரம்பலூரில் உயிர் தப்பியது, நார்த்தாமலையில் தப்பவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்றது தற்செயல் ஒன்றே.

நார்த்தாமலைக் குடும்பத்துக்கு முதலமைச்சரின் நிவாரண நிதியிலிருந்து பத்து லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அத்தொகையை நாம் குறைகூறவில்லை. அதன் பெயரையே ஆராய்கிறோம். நிவாரணம் இரக்கத்தினால் வருவது. இழப்பீடு நீதியினால் வருவது. கொடுப்பவர் மனமிரங்கினால் முன்னது கிடைக்கும். பின்னதைக் கேட்டுப் பெற இழந்தவருக்கு உரிமையுண்டு. கிருபையையும் நீதியையும் பிரித்தறியப் பழகிய நாம், நீதி செலுத்தவேண்டிய இடத்தில் இரக்கம் மட்டும் வழங்கப்படுவதைக் கண்டும் அமைதியாயிருத்தல் தகாது. ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அரசின் ஆயுதங்களையும் கடமையாற்றும் அரசு ஊழியரையும் அச்சட்டத்தின் பிடியிலிருந்து விலக்குகிறது. 1964ஆம் ஆண்டு கஸ்தூரிலால் வழக்கில் அரசின் இறையாண்மைச் செயலுக்கு இழப்பீடு இல்லை என்ற உச்ச நீதிமன்றம், 1993ஆம் ஆண்டு நீலாவதி பெஹரா வழக்கில், வாழ்வுரிமை மீறப்படும்போது அந்தக் கேடயம் அரசுக்கு உதவாது எனத் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் திறந்த வழியைச் சட்டமன்றம் இன்னும் செப்பனிடவில்லை. தன் வீட்டுத் தேர்ச் சக்கரத்தில் கன்று மாண்டபோது மனுநீதிச் சோழன் தன் குடும்பத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக வைக்கவில்லை என்று திருவாரூர்க் கதை கூறுகிறது. அரசுக்கு அக்கதை கற்பிக்கும் பாடம் இதுவே.

கட்டாயக் காப்பீடு ஏழைக் குடியானவரை நசுக்கும் என்று சிலர் மறுக்கலாம். இம்மறுப்பில் உண்மையுண்டு. ஆகவே பயிர்க்காவல் உரிமத்துக்கான தொகை மிகக் குறைவாகவோ, பொது நிதி ஒன்றினாலோ அமைய வேண்டும். திருடப்பட்ட துப்பாக்கிக்கும் உரிமையாளரா பொறுப்பு என்றும் கேட்கலாம். பூட்டி வைத்து, களவைக் காலந்தாழ்த்தாது காவல்நிலையத்தில் அறிவித்தவரை முட்டும் மாட்டின் சட்டமே விடுவிக்கிறது, நாமும் விடுவிக்கலாம். நரிக்குறவரை ஐயத்தோடு நோக்கும் பழக்கம் இதனால் வளருமோ என்ற அச்சத்தையும் நாம் அறிவோம். ஐயம் ஆளைப் பார்க்கும். பொறுப்போ செயலைப் பார்க்கும். எல்லா உரிமையாளருக்கும் ஒரே அளவுகோல் அமையுமாயின், அதுவே அம்மக்களுக்குக் காவலாகும்.

எனவே மூன்று திருத்தங்களை முன்வைக்கிறோம். பத்திரமாக வைக்கத் தவறியதால் தீங்கு நேர்ந்தால் அதனைத் தனிக்குற்றமாகச் சட்டம் கூறட்டும். உரிமத்தோடு மூன்றாம் தரப்புக் காப்பீடும் இணையட்டும். அரசின் குண்டு குடிமகனைத் தாக்கினால், வேண்டுகோள் இன்றியே உரிய இழப்பீடு சட்டத்தின்படி கிடைக்கட்டும். இம்மூன்றினுள்ளும் கடைசியே முதலில் நிறைவேற வேண்டியது. குடியானவரிடம் கணக்குக் கேட்கும் அரசு, நாரணமங்கலத்திலும் நார்த்தாமலையிலும் தன் கணக்கை முன்னதாக ஒப்புவிக்கக் கடமைப்பட்டுள்ளது.