பெட்டகம் நமது; திறவுகோல் யாரிடம்?

"அரசாங்கத்தின் வரவு செலவுக்கு மக்களே எசமானர், ஓட்டுரிமை இருக்கிறதே!" என்று கூறுவோர் உளர். கூற்று இனிக்கிறது; கணக்கோ கசக்கிறது. தருமபுரியைக் கொண்டே பார்ப்போம்.

நிலத்தடி நீரிலே ஃபுளோரைடு மிகுந்த மாவட்டம் இது. பற்கள் கறைபட்டன; எலும்புகள் வளைந்தன. விதியென்று வாளாவிருப்பது மூடத்தனம். குடிநீரே காரணம் என்பது அறிவியல். அந்த அறிவின் பயனே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008 பிப்ரவரியில் முதல்வர் கலைஞர் அடிக்கல் நாட்டினார். 2013 மே திங்களில் முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். மதிப்பீடு 1,928.80 கோடி ரூபாய். ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்திடம் கடன் வாங்கித்தான் காவிரி நீரைக் குழாயில் ஏற்ற முடிந்தது. ஏழையின் வாய்க்குத் தண்ணீர் என்றால் ஆய்வு, அறிக்கை, கடன், வட்டி, ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு!

மறுபுறம் பாருங்கள். 2019 செப்டம்பர் 20ஆம் நாள், டில்லி அரசு அவசரச் சட்டம் ஒன்றால் கம்பெனி வரியைக் குறைத்தது. பிற சலுகைகளைத் துறக்கும் கம்பெனிகளுக்கு அடிப்படை விகிதம் 22 விழுக்காடாயிற்று. ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் இழப்பு என்று நிதியமைச்சரே அறிவித்தார். ஒகேனக்கல் போன்ற எழுபத்தைந்து திட்டங்களுக்கான பணம்! அந்த வரியிலே மாநிலங்களுக்கும் பங்குண்டு. ஆயினும் எந்தச் சட்டமன்றத்தின் ஒப்புதலும் தேவைப்படவில்லை. நாடாளுமன்றமே டிசம்பரில்தான் கை தூக்கிற்று.

"முதலீடு பெருகும், வேலை பெருகும்" என்பது அவர்தம் வாதம். பெருகட்டும்! குடிநீர்க் குழாய்க்குக் கேட்கும் கணக்கை, விட்டுக்கொடுத்த வரிக்கும் கேட்க வேண்டாமா?

இன்னொன்றும் காண்க. கம்பெனிகள் கட்சிகளுக்கு அளிக்கும் நன்கொடைக்கு, மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 7.5 விழுக்காடு என்ற வரம்பு இருந்தது. 2017இல் அதை அகற்றினர். 2018இல் வந்த தேர்தல் பத்திரமோ, கொடுத்தவர் பெயரை வாக்காளரிடமிருந்து மறைத்தது. 2024 பிப்ரவரி 15இல் உச்சநீதிமன்றம் இரண்டையும் செல்லாதென்றது. அதுவரை தொங்கிய திரைக்குப் பின்னே, கையெழுத்திட்டது அமைச்சர் கை. அக்கையை அசைத்தது பணமூட்டையோ என்று ஐயுறுவது குற்றமாகுமா?

தோழர்களே! ஓட்டுப் பேசுவது ஐந்தாண்டுக்கு ஒருநாள். பணம் பேசுவது அன்றாடம். ஆகவே கிராம சபையிலே செலவுக் கணக்கைக் கேளுங்கள். உங்கள் உறுப்பினரிடம் விட்டுக்கொடுத்த வரிக் கணக்கையும் கேளுங்கள். கேளாதார் கைக்குத் திறவுகோல் ஒருநாளும் வாராது.