கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பாடிய குரல்

அண்மையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்குக் கே. பி. சுந்தராம்பாளின் பழைய இசைத்தட்டுப் பாடல் ஒன்றைக் கைத்தொலைபேசி வாயிலாகக் கேட்கச் செய்தோம். ஊசி உராயும் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு அக்குரல் மேலெழுந்ததும் மாணவி ஒருத்தி, "ஏன் சேர், இவ இப்பிடிக் கத்திறா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆயினும் அக்கேள்வி சிரித்து ஒதுக்கத்தக்கதன்று. நமது இசை ரசனையை யாருடைய அளவுகோல் அளக்கிறது என்ற பெருவினா அதனுள் அடங்கியிருக்கிறது.

அவ்வினாவுக்கு விடை காண அக்குரல் வளர்ந்த இடத்துக்கே நாம் செல்லல் வேண்டும். 1908 இல் கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாள் வறுமையில் வளர்ந்தவர். புகையிரதத்தில் பாடிக் காசு பெற்ற சிறுமி. அவரை ஆளாக்கியது நாடகக் கொட்டகை. அங்கே இரவு முழுவதும் நாடகம் நடக்கும், ஒலிபெருக்கி கிடையாது. முன்னே நாற்காலிகள், பின்னே வெறுந்தரை. பகலெல்லாம் உழைத்துவிட்டுத் தரையில் வந்து குந்தியிருப்பவனுக்கும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும். அவரது உச்ச ஸ்தாயியும் சொல்லைச் சிதைக்காத உச்சரிப்பும் இத்தேவையிற் பிறந்தவை. இன்றைய செவிக்குக் கத்தலாகப் படுவது, அன்று கடைசி வரிசையில் இருந்தவனுக்குக் காட்டப்பட்ட மரியாதை.

1926 இல் கொழும்பு மேடையில் அவர் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். 1927 இல் இருவரும் மணந்தனர். 1933 இல், தமது 27ஆம் வயதில், கிட்டப்பா மறைந்தார். அதன்பின் மேடையில் வேறோர் ஆணுக்கு இணையாக நடிக்கச் சுந்தராம்பாள் உடன்படவில்லை. அந்த நாடகக் காலத்தின் ஒலியை நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பவை இசைத்தட்டுகளே.

ஆனால் இசைத்தட்டு முழு மேடையைத் தருவதில்லை. தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஓடும். கொட்டகையில், "வன்ஸ்மோர்" என்று மக்கள் கூவக் கூவ நீண்டுகொண்டே போன பாட்டு, தட்டிலே எலும்பும் நரம்புமாகச் சுருங்கிவிடுகிறது. ஆலாபனைக்கு இடமில்லை; எடுத்த எடுப்பிலேயே குரல் உச்சத்தைத் தொடுகிறது. ஆதலால் இவற்றை இருமுறை கேட்க வேண்டும் என்போம். முதன்முறை சொற்களுக்காக, மறுமுறை, மேலே ஏற ஏற அக்குரல் மெலியாமல் எவ்வாறு உறுதி பெறுகிறது என்பதற்காக. தேசிய இயக்கப் பாடல்களையும் அவர் இதே குரலில்தான் பாடினார். நாடகம் பார்க்க வந்த மக்களை அரசியலுக்கு அழைக்கவும் அக்குரல் போதுமானதாயிருந்தது.

கடலுக்கப்பாலும் இத்தகைய குரல் ஒன்று ஒலித்தது. அமெரிக்காவின் தெனசி மாநிலத்தில் 1894 இல் பிறந்த கறுப்பினப் பாடகி பெஸ்ஸி ஸ்மித், தெருவிற் பாடித் தொடங்கிக் கூடார அரங்குகளில் வளர்ந்தவர். ஜாஸ் இசையின் தொடக்க காலக் குரல்களில் அவருடையது தலையாயது. 1923 முதல் அவர் பாடிய தட்டுகள் பெருந்தொகையாக விற்பனையாகின. கம்பெனியோ கறுப்பின மக்களுக்கென ஒதுக்கிய பட்டியலில் அவற்றை வைத்தது. பாடியதற்குக் கூலி கொடுத்தது, விற்பனையிற் பங்கு கொடுக்கவில்லை. 1937 இல் வீதி விபத்தில் இறந்த அப்பாடகியின் புதைகுழிக்கு 1970 வரை ஒரு நடுகல்தானும் இருக்கவில்லை.

சுந்தராம்பாள் அவ்வாறு கைவிடப்பட்டவரல்லர். 1935 இல் வெளிவந்த 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். 1958 இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். எனினும் அவரைப் போற்றும்போது நாம் விமரிசனக் கண்ணை மூடிக்கொள்ளத் தேவையில்லை. அவர் பாடிய புராண நாடகங்களின் கருத்துலகம் பழமையானது. நந்தன் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுள் ஏற்கப்படுகிறான். தீ மூட்டியவர்களைக் கதை குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில்லை. கதை பணிந்து போகிறது. ஆனால் சுந்தராம்பாளின் குரலிலோ பணிவைக் காட்டிலும் முறையீடே மேலோங்கி நிற்கிறது. இம்முரண்பாட்டை உணர்ந்து கேட்பதே முற்போக்கு ரசனை.

இது தமிழகத்துக் கதை மட்டுமன்று. அங்கிருந்து வந்த நாடகக் குழுக்களைப் பார்த்தே நமது குடாநாட்டில் கொட்டகைக் கூத்து வேரூன்றி, இசை நாடகமாகக் கிளைத்தது. 'மயான காண்டம்' நாடகத்தில் அரிச்சந்திரனாக நடித்த வி. வி. வைரமுத்துவின் குரலைக் கேட்க ஊர் ஊராக மக்கள் விடிய விடிய விழித்திருந்தனர். 1989 இல் அவர் மறைந்தார். அவரைப் போன்று ஒடுக்கப்பட்ட மக்களின் முற்றங்களிற் பாடிய அண்ணாவிமார் பலரின் குரல்கள் தட்டேறவே இல்லை. ஒலிநாடாவில் ஏறியவற்றுள்ளும் எத்தனையோ 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வில் வீடுகளோடு கைவிடப்பட்டன. ஏட்டிலக்கியத்தை அச்சேற்றிக் காத்தவர்களை நாம் வணங்குகிறோம். உழைக்கும் மக்களின் பாட்டைக் காப்பது யாருடைய கடமை? கணினியும் கைத்தொலைபேசியும் கையிலுள்ள இந்நாளில், ஆசிரியர்களும் மாணவர்களும் அதைத் தம் கடமையாக ஏற்றாலன்றி வழியில்லை.

கேள்வி கேட்ட மாணவி மறுநாள் நம்மிடம் வந்தாள். தன் அம்மப்பா கூத்தாடியவராம். அவர் பாடிய ஒலிநாடா ஒன்று றங்குப் பெட்டிக்குள் கிடக்கிறதாம். போட்டுக் கேட்கத்தான் வீட்டில் கருவி இல்லையாம். கருவி தேடிக்கொண்டிருக்கிறோம். நாடாவில் பூஞ்சணம் படர்வதற்குள் அது கிடைத்தாக வேண்டும்.