செம்மறியாட்டின் சாட்சி

ஆய்வகச் சோதனைகளில், ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்னும் நோயெதிர்ப்புப் புரதங்களின் செயலை அளக்கும் சிஎச்50 போல அழகானது எனக்குத் தெரிந்து வேறில்லை. செம்மறியாட்டின் சிவப்பணுக்கள்மேல் முயலின் எதிர்ப்பொருளை ஏற்றி, நோயாளியின் சீரத்தைப் படிப்படியாக நீர்க்கவைத்துச் சேர்ப்பார்கள். 37 டிகிரி சூட்டில் காம்ப்ளிமென்ட் புரதங்கள் ஒன்றையொன்று தட்டியெழுப்பி, கடைசியில் அணுச்சவ்வில் துளை போடும். குழாயைச் சுழற்றி எடுத்தால், உடைந்தவற்றின் சிவப்பு மேல்நீரில் பளிச்சென்று நிற்கும். உடையாதவை அடியில் தங்கும். பாதி அணுக்களை உடைக்க எவ்வளவு சீரம் வேண்டியிருந்தது என்பதே கணக்கு. இந்த உடைப்பை ஆராய்ந்த ஜூல் போர்டே 1919ஆம் ஆண்டுக்கான நோபல் பெற்றார். லூபஸ் நோயில் குறையும் சி3, சி4 என்னும் காம்ப்ளிமென்ட் புரதங்களின் அளவுகளைத் தனியே பார்க்கலாம். ஆனால் இப்புரதங்களின் சங்கிலி கடைசிவரை ஓடுகிறதா என்பதை சிஎச்50தான் சொல்லும். ஒன்று மட்டும்: இப்புரதங்கள் சீக்கிரம் கெடும். ரத்தம் எடுப்பவர்களே, சீரத்தைப் பிரித்ததும் தாமதிக்காமல் உறையவையுங்கள்.