அடுத்த கிட் எது? துணி, தகரம், ஃபைபர்: மூன்றையும் அத்திபெலே ஷெட்டில் வைத்து ஓர் ஒப்பீடு

ஒரு விமானத்தைத் தன் கையாலேயே பூட்டிப் பறக்கவிட்டவருக்கு, ஷெட் காலியான மறுநாள் கல்யாணம் முடிந்த வீடு போல இருக்கும். பாகங்களாக வந்து நாமே பூட்டும் அடுத்த விமானக் கிட் பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

அந்த ஷெட் அத்திபெலேயில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓசூர் சாலையில் மாநில எல்லையை ஒட்டிய ஊர். லேத்துக்கும் வெல்டிங்குக்கும் அலைய வேண்டியதில்லை. ஓசூரைத் தாண்டித் தளி சாலையில் போனால் பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸின் சொந்த ஓடுதளம். இத்தாலிய வடிவமான பார்ட்டனாவியா பி.68, அரசு விமான ஆய்வகமான என்.ஏ.எல். வடிவமைத்த ஹன்சா-3 இரண்டையும் தயாரித்த இடம். வடக்கே, பெங்களூர் நகரம் முழுவதையும் கடந்தால் ஜக்கூர் ஓடுதளம். எங்கே பறப்பதென்றாலும் இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

முதல் போட்டியாளர் உள்ளூர்க்காரர். பிரெஞ்சுக்காரர் ஜோயல் கோக்லின் பெங்களூரில் தொடங்கிய ராஜ் ஹம்சா நிறுவனத்தின் எக்ஸ்-ஏர், கிட்டாகவே பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் போனது. அலுமினியக் குழாய்களைப் போல்ட் போட்டு இணைத்து, பாய்மரத் துணியான டாக்ரானை மேலே போர்த்துவதுதான் வேலை. ஸ்பானரும் பொறுமையும் உள்ளவருக்கு இது போதும். பின்னர் வந்த ‘ஹனுமான்’ ரகத்துக்கு ஆஸ்திரேலியாவின் ஜபிரு 2200 எஞ்சின், 85 குதிரைத்திறன். மொத்த எடை 450 கிலோ; இரட்டை இருக்கை மைக்ரோலைட்டுக்குரிய பழகிய வரம்புக்குள் அடங்கிவிடும். குறை என்ன? வேகம் இல்லை. துணியும் வெயிலில் மெல்ல நைந்துபோகும். நிழலில் நிறுத்த இடம் வேண்டும்.

இரண்டாவது, அமெரிக்காவின் வேன்ஸ் நிறுவனத்து ஆர்.வி-12. முழுக்க அலுமினியத் தகடு. ஓட்டைகள் முன்கூட்டியே போடப்பட்டு வரும். பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்தே இழுத்துப் பூட்டும் ரிவெட்டுகள் என்பதால் துணைக்கு ஆள் தேட வேண்டாம். ஒரே ‘டப்’ சத்தத்தில் ரிவெட் உட்காரும்போது கிடைக்கும் திருப்தி, பிறகு ஆயிரக்கணக்கான முறை திரும்ப வரும். இறக்கைகள் பின்னைக் கழற்றினால் சில நிமிடங்களில் கையோடு வந்துவிடும். உடலின் நீளம் சுமார் 6 மீட்டர். லாரிக் கணக்குக்கு இதைவிடத் தோதான வடிவம் இல்லை. ஆனால் மொத்த எடை சுமார் 600 கிலோ, மைக்ரோலைட்டுக்குள் வராது. இன்னொன்று: லேசரில் வெட்டிய பாகங்களில் விரிசல் பிரச்சினை எழுந்து, வேன்ஸ் 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. மறு ஆண்டே மீண்டுவிட்டது என்றாலும், முன்பணம் கட்டுபவர் மறக்கக்கூடாத சம்பவம்.

மூன்றாவது, பார்த்தவுடன் மனசைப் பறிப்பது: பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸி. சிறு இறக்கை முன்னால், புரொப்பெல்லர் பின்னால். உண்மையில் இது கிட்டே அல்ல, வரைபடம்தான். அதன் விற்பனையையும் ரூட்டன் 1985இல் நிறுத்திவிட்டார். சூடான கம்பியால் நுரைக்கட்டையை அறுத்து, கண்ணாடி இழைத் துணியை எபாக்சியில் ஊறவைத்துப் போர்த்த வேண்டும். அதன் பிறகு உப்புத்தாள், மேலும் உப்புத்தாள், உடம்பெல்லாம் அரிப்பு. பெங்களூர் என்.ஏ.எல். இந்த வடிவத்தை அடிப்படையாக வைத்து எல்.சி.ஆர்.ஏ. என்ற ஆய்வு விமானத்தைக் கட்டி 1987இல் பறக்கவிட்டது. ஆக, பாதை ஏற்கெனவே போட்டதுதான். ஆனால் சின்னச் சக்கரமும் வேகமான தரையிறக்கமும் நீண்ட, வழுவழுப்பான ஓடுதளத்தைக் கேட்கும், புல்தரை ஆகாது.

மூன்றுக்கும் பொதுவான பரீட்சை இந்த மேட்டுநிலம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். 30 டிகிரி வெயிலில் காற்று 5,500 அடி உயரத்தில் இருப்பது போல் மெலிந்துவிடும். ஜபிருவின் 85 குதிரைத்திறன் 70ஐ ஒட்டி இறங்கிவிடும். இருவர் ஏறி, டாங்கும் நிரம்பியிருந்தால் அந்த வித்தியாசம் ஓடுதள முனையில் தெரியும்.

எரிபொருளும் தலைவலி. ஆர்.வி-12இன் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கு எத்தனால் 10 சதவீதம் வரைதான் அனுமதி. பெட்ரோல் பங்கில் கிடைப்பதோ 20 சதவீதம் கலந்த இ-20. லாங்-ஈஸியின் டாங்கே ஃபைபரால் ஆனது, எத்தனால் அதை அரித்துவிடலாம். 2022 செப்டம்பர் முதல் இந்தியன் ஆயில் விமானப் பெட்ரோலை உள்நாட்டிலேயே தயாரிக்கிறது. ஆனால் அதில் ஈயம் உண்டு. ரோட்டாக்ஸில் ஊற்றினால் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும்.

காகித வேலை? மும்பையில் மொட்டைமாடியில் விமானம் கட்டிய கேப்டன் அமோல் யாதவ், அதை 2016 பிப்ரவரியில் பொதுமக்களுக்குக் காட்டினார்; பதிவு கையில் கிடைத்தது 2017 நவம்பரில்.

தீர்ப்பு: அத்திபெலே ஷெட்டுக்கு ஹனுமான் முதலிடம். எடை வரம்புக்குள் இருக்கிறது, உதிரிபாகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வேகமும் தூரப் பயணமும் வேண்டும், கோப்புகளுக்குக் காத்திருக்கவும் தயார் என்பவருக்கு ஆர்.வி-12. லாங்-ஈஸி, ஏற்கெனவே இரண்டு கட்டி முடித்தவருக்கு மூன்றாவதாக.