பொறியியல் குறிப்பேடு: அழகாக எழுதினால் போதுமா?

என் மேசையில் இரண்டு குறிப்பேடுகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே குழுவினுடையவை, ஒரே ஆண்டில் எழுதியவை. ஒன்று போட்டிக்குக் கொடுத்தது: தட்டச்சு செய்து, வண்ணப் படங்கள் ஒட்டி, சுருள் கம்பி போட்டுக் கட்டியது. மற்றொன்று கருவிப் பெட்டிக்கு அடியில் கிடந்த சாதாரணப் பயிற்சிப் புத்தகம். அட்டையில் மெழுகு சிந்தியிருக்கிறது. சில பக்கங்கள் தண்ணீர் பட்டு உப்பிப்போயிருக்கின்றன. இந்த இரண்டையும், ஒரு கட்டுரையைத் திருத்துவதுபோல, நாம் சேர்ந்து படித்துப் பார்க்கலாம், வாங்க.

தமிழாசிரியருக்கும் நீருக்கடியில் ஓடும் ரோபோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பள்ளியில் எந்த இணைப்பாட நடவடிக்கை யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது, உங்களுக்கே தெரியும். எனக்கு ரோபோட்டிக்ஸ் விழுந்தது. மோட்டார், மின்சுற்று எல்லாவற்றையும் அறிவியல் ஆசிரியர் பார்த்துக்கொண்டார். "எழுதுற வேலையும் நிறைய இருக்கு, நீங்க மொழியாசிரியர்தானே" என்று குறிப்பேட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

மாணவர்கள் செய்தது சீபெர்ச் வகைக் கருவி. பிவிசி குழாயில் ஒரு சட்டம், அதில் மூன்று சின்ன மோட்டார்கள், மேலே மிதவை, கீழே எடை. கரையில் 12 வோல்ட் பேட்டரியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே நீளமான கேபிள். இப்படிப்பட்ட போட்டிகளில் கருவி நீந்தினால் மட்டும் போதாது. ஏன் இப்படிச் செய்தாய், எதை மாற்றினாய், எதனால் மாற்றினாய் என்பதை எழுத்தில் காட்ட வேண்டும். அமெரிக்காவில் தொடங்கிய மேட் போட்டியில் மாணவர் குழு ஒரு நிறுவனம்போலவே இயங்குகிறது. தொழில்நுட்ப அறிக்கைக்கும் நடுவர்முன் தரும் விளக்கத்துக்கும் தனித்தனியாகப் புள்ளிகள் உண்டு.

இப்போது அழகான குறிப்பேட்டைத் திறப்போம். மோட்டாருக்குள் தண்ணீர் புகாமல் தடுத்த பகுதி இது. மூலம் ஆங்கிலம், பொருள் இதுதான்: "மெழுகைப் பயன்படுத்தி மோட்டார்கள் நீர்புகாதவையாக ஆக்கப்பட்டன. இதில் நாங்கள் சில சவால்களை எதிர்கொண்டோம். குழு உணர்வாலும் விடாமுயற்சியாலும் அவற்றை வென்றோம்."

படித்ததும் உங்களுக்கு ஒரு வாடை அடித்திருக்கும். நம்ம கட்டுரை வாடை! "தோல்வியே வெற்றியின் முதல் படி" என்று முடிக்கச் சொல்லிக் கொடுத்தோமே, அதே வாடை. "ஆக்கப்பட்டன" என்ற வினையில் செய்தவர் யார் என்று தெரியவில்லை. "சில சவால்கள்" என்றால் என்ன என்று தெரியவில்லை. எண் இல்லை, நாள் இல்லை. பிழை ஒன்றுமில்லை, ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் ஒரு மோட்டாரைச் செய்துவிட முடியாது.

அதே நாளைப் பயிற்சிப் புத்தகத்தில் பாருங்கள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். தமிழிலும் சில வரிகள் ஆங்கில எழுத்தில். அந்தக் குழுவில் இரண்டு தமிழ்ப் பையன்கள் மாறிமாறி எழுதிய புத்தகம் அது. தமிழ் எழுத்தில் தருகிறேன்: "மெழுகு ரொம்ப சூடு. டேப் கழன்டுச்சு. மெழுகு உள்ள போயிடுச்சு. மோட்டார் சுத்தல. அடுத்த தடவை 5 நிமிஷம் ஆறவிட்டு ஊத்தணும்."

ஐந்தே வாக்கியங்கள். மோட்டாரை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, சுற்றி உருகிய மெழுகை ஊற்றி இறுகவிடுவார்கள். மோட்டாரின் உடம்பில் சின்னத் துளைகள் இருக்கும். மெழுகு அதன் வழியாக உள்ளே போகாமலிருக்க முதலில் டேப் சுற்ற வேண்டும். மெழுகு அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால் டேப்பின் பசை இளகிவிடும். இது தெரியாதவர்கூட அந்தக் குறிப்பைப் படித்தால் என்ன நடந்தது என்று புரிந்துகொள்வார். கழன்டுச்சு, போயிடுச்சு, சுத்தல: மூன்று வினைகளும் காரணத்தையும் விளைவையும் வரிசையாகச் சொல்லிவிடுகின்றன. "ஊத்தணும்" என்ற கடைசிச் சொல் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. எழுதிய பையன் என் உயர்நிலை இரண்டு தமிழ் வகுப்பில்தான் இருந்தான். "வாக்கியம் மிகக் குறுகியது", "பேச்சு வழக்கைத் தவிர்க்கவும்" என்று அவன் கட்டுரைகளில் சிவப்பு மையால் எழுதியவள் நான்தான்.

கிறுக்கலாக இருப்பதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. இந்தப் பக்கத்திலும் குறைகள் இருக்கின்றன. தேதி இல்லை. "ரொம்ப சூடு" என்றால் எத்தனை டிகிரி? வெப்பமானி வைத்துப் பார்த்தார்களா? எந்த மோட்டார், இடப்பக்கமா, வலப்பக்கமா, மேலே கீழே போக வைப்பதா? ஒரு படமாவது வரைந்திருக்கலாம். ஆனால் இவை கேள்வி கேட்டால் சரியாகிவிடும் குறைகள். "சில சவால்களை எதிர்கொண்டோம்" என்ற வரியிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது?

பொறியியல் குறிப்பேட்டுக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு என்று மாணவர்கள் கேட்பார்கள். பக்க எண் இருக்க வேண்டும், தாளைக் கிழிக்கக் கூடாது, தவறை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும், தேதியும் கையெழுத்தும் வேண்டும். இதற்குப் பின்னால் ஒரு சட்டக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் நெடுங்காலம் முதலில் கண்டுபிடித்தவருக்கே காப்புரிமை என்ற முறை இருந்தது. இருவர் மோதினால், சாட்சி கையெழுத்திட்ட குறிப்பேடு யார் முந்தியவர் என்பதற்கு ஆதாரமாகும். 2013 மார்ச் 16 முதல் அங்கே முதலில் விண்ணப்பிப்பவருக்கு முன்னுரிமை என்று சட்டம் மாறிவிட்டது. இருந்தாலும் ஆய்வுக்கூடங்கள் குறிப்பேட்டைக் கைவிடவில்லை. நான் இல்லாதபோது இன்னொருவர் என் பக்கத்தைப் பார்த்து அதே வேலையைச் செய்ய முடியவேண்டும் என்ற தேவை அப்படியே இருக்கிறது.

அந்தத் தேவையைத்தான் நான் கெடுத்தேன். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது. "இதையா நடுவர்கிட்டக் கொடுக்கப்போறீங்க? நல்லா எழுதி, டைப் பண்ணிக் கொண்டு வாங்க" என்றேன். ஒரு மாதிரி வாக்கியப் பட்டியலும் கொடுத்தேன். பிள்ளைகள் சொன்னபடியே செய்தார்கள். ஐந்து வாக்கியமும் "சில சவால்கள்" ஆனது அப்படித்தான். அச்சிட்டு வந்ததைப் புரட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பையன், "டீச்சர், நான் எழுதுனது எங்க?" என்று கேட்டான். "அதெல்லாம் இதுலதான்பா இருக்கு" என்றேன்.

இல்லை, இருக்கவில்லை. மறு ஆண்டு புதிய குழு வந்தது. மூத்தவர்கள் வேறு வேலைகளில் இருந்தார்கள். புதியவர்களிடம் நான் கொடுத்தது அழகான குறிப்பேட்டை. அவர்கள் மெழுகை அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ஊற்றினார்கள். இரண்டு மோட்டார்கள் வீண். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போய்விட்டது. "எங்களுக்கு ஒன்னும் செய்யத் தெரியல" என்று ஒரு பிள்ளை அழுதாள். அவளுக்குத் தேவையான பதில் அதே அறையில், கருவிப் பெட்டிக்கு அடியில், மெழுகு படிந்த அட்டைக்குள் கிடந்தது. மாலையில் பெட்டியை ஒதுக்கும்போதுதான் எனக்கே கிடைத்தது.

இங்கே ஓர் உண்மைக் கதையைச் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு மேட் போட்டியில், அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரிலுள்ள கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளியின் நான்கு மாணவர்கள், கல்லூரிக் குழுக்கள் மோதும் பிரிவில் கலந்துகொண்டு எம்ஐடி குழுவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி வென்றார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த பிள்ளைகள், முறையான குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள். 2005இல் ஜோஷுவா டேவிஸ் 'வயர்ட்' இதழில் இதை எழுதினார். பிறகு 'ஸ்பேர் பார்ட்ஸ்' என்ற நூலும் திரைப்படமும் வந்தன. ஏழைப் பிள்ளைகள் பெரிய பல்கலைக்கழகத்தைத் தோற்கடித்த கதை என்று பள்ளிக் கூட்டங்களில் நாமும் சொல்கிறோம். ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறோம்: அன்று தொழில்நுட்ப எழுத்துக்கான பரிசையும் அவர்கள்தான் வாங்கினார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகள், எழுத்துக்காக! மொழியாசிரியர்கள் முதலில் சொல்லவேண்டிய பகுதியே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, நடுவருக்குக் கிறுக்கலையே கொடுத்துவிடலாமா? கூடாது. நடுவருக்கு நேரம் குறைவு, அவருக்குத் தெளிவான அறிக்கை வேண்டும். நான் செய்த தவறு, குறிப்பேட்டையும் அறிக்கையையும் ஒன்றாக்கியது. குறிப்பேடு வேலை நடக்கும்போது, கை ஈரமாக இருக்கும்போதே எழுதுவது. அறிக்கை பிறகு அதிலிருந்து தேர்ந்தெடுத்து எழுதுவது. அறிக்கையின் ஒவ்வொரு முடிவுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஆதாரமாக இருக்க வேண்டும். குறிப்பேட்டைத் திருத்தி அறிக்கையாக்கினால் ஆதாரமே போய்விடும்.

இப்போது எங்கள் குழுவில் சில பழக்கங்கள் வைத்திருக்கிறோம். வேண்டுமானால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சொல் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் எழுதலாம், ஆனால் அன்றைக்கே எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு விஷயம்: என்ன செய்தோம், என்ன நடந்தது, ஏன் என்று நினைக்கிறோம், அடுத்து என்ன. "மெதுவாகப் போகிறது" என்று எழுதினால், "எத்தனை மீட்டர், எத்தனை வினாடி?" என்று ஓரத்தில் பென்சிலால் கேட்பேன். மொழிப்பிழையைத் தொடமாட்டேன். மாதம் ஒருமுறை ஒரு குழுவின் பக்கத்தை வேறு மாணவரிடம் கொடுத்து, அதைப் பார்த்தே ஒரு சின்ன வேலையைச் செய்யச் சொல்வோம். செய்ய முடிந்தால் எழுத்து நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

தமிழ் வகுப்பிலும் இதில் ஒரு பகுதியைப் பயன்படுத்துகிறேன். நாம் கொடுக்கும் "இன்று நான் கற்றுக்கொண்டது" பயிற்சித்தாளில் பிள்ளைகள் நமக்குப் பிடித்ததைத்தான் எழுதுகிறார்கள். அதற்குப் பதிலாக, வீட்டில் சரியாக வராத ஒரு வேலையை, தோசை கிழிந்ததோ சைக்கிள் சங்கிலி கழன்றதோ, நடந்த வரிசையில் எழுதச் சொல்கிறேன். முதலில் பேசுவதுபோலவே எழுதட்டும். பிறகு உட்கார்ந்து எழுத்து வழக்குக்கு மாற்றுவோம். மாற்றும்போது ஒரே ஒரு விதி: எந்த வினையும் தொலையக் கூடாது. "கழன்டுச்சு" என்பது "கழன்றது" ஆகலாம், "சவால்" ஆகக் கூடாது.

அந்தப் பையன் இப்போது உயர்நிலை நான்கில் இருக்கிறான். போன வாரம் அவனைக் கூப்பிட்டு, மெழுகு படிந்த புத்தகத்தைக் காட்டி, "நீ எழுதுனது இங்க இருக்குப்பா" என்றேன். சிரித்தான். பிறகு பேனாவை வாங்கி, அந்தப் பக்கத்தின் மேல் மூலையில் தேதி போட முயன்றான். நாள் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. "தெரியாததைப் போடக் கூடாது, டீச்சர்" என்று சொல்லிவிட்டு, "தேதி மறந்துவிட்டது" என்று எழுதி, அன்றைய தேதியோடு கையெழுத்துப் போட்டான்.

இந்த ஆண்டுக் குழுவுக்கு நான் கொடுத்திருப்பது அந்தப் புத்தகத்தைத்தான்.